இரண்டு தூக்கு மல்லாட்டை

சிதம்பரம்
தை 15, வியாழக்கிழமை

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அந்த மட்டில் நலம். அந்தக் குளிர் ஊரில் நீ நலமாக இருக்கிறாயா என்று ஒரு வாரமாக நாளைக்கு நாலு தடவை போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீயும் நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நேற்று உனக்குக் கோபமே வந்துவிட்டது. வயிறு ஒழுங்கா இருக்கா, தலை சுத்துதா, வாந்தி வர்ற மாதிரி இருக்கா என்று ஒரு அம்மா தினமும் கேட்டால் யாருக்கும் கோபம் வரும்தான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வயிறு எப்படி இருக்கிறது என்றுதான் வாயில் வருகிறது. வாட்ஸாப்பில் எழுதினால் நாளைக்கு அது யார் கையில் போய் நிற்குமோ என்று பயம். அதனால் நீ காலேஜில் பாதி எழுதாமல் விட்டுப்போன நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன புதன்கிழமை சாயந்திரம் நான் கூப்பிட்டு, பொங்கலுக்கு அனுப்பிய கடலை உருண்டையைத் தின்னாதே, தூக்கிப் போட்டுவிடு, மல்லாட்டையில் வண்டு இருந்திருக்கிறது என்று சொன்னேனே, வண்டு எதுவும் இல்லை வினோ. அது பொய். நீ சிரித்துக்கொண்டே, வண்டு இருந்தா அதுவும் சேர்ந்தே உள்ள போயிடுச்சும்மா, ரூம்ல ரெண்டு பேருக்கு ஒவ்வொன்னு குடுத்தேன், மீதி பூரா நான்தான், டப்பாவைக் கழுவிக் கவுத்துட்டேன் என்றாய். நீ பதறாமல் கடைசிவரை படி. உனக்கு ஒன்றும் இல்லை என்று படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்பதை முறையாகச் சொல்கிறேன். அவர்கள் சொன்னதை எழுத என்னால் முடிகிறது, நம்பத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

என் வேலையைப் பற்றி உன் தோழிகளிடம் அம்மா யூனிவர்சிட்டில இருக்காங்க என்று பெருமையாகச் சொல்வாய், அங்கே நான் மூட்டை பிரிக்கிறதும் பெட்டி கட்டுகிறதும்தான் என்று சொல்லமாட்டாய், போகட்டும். கடலூரில் இருக்கிற எங்கள் கெடிலக்கரை வேளாண் உணவியல் பல்கலைக்கழகம், பள்ளிக்கூடங்களுக்கு உதவி செய்யவென்று வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு பிரிவு நடத்துகிறது, ஞாபகம் இருக்கும், ஒரு தடவை நீ சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாய். குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயப் பாடம் இருக்கிற பதினெட்டு அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பெட்டி போகும். மண்ணைப் போட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குழாய், பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மருந்துப் புட்டி, பூதக்கண்ணாடி, பூச்சிப் படம் போட்ட அட்டை, பாடப் புத்தகத்தில் இல்லாத சின்னச் சின்னப் புத்தகங்கள், எல்லாம் இருக்கும். ஒரு பிள்ளை தன் அப்பா வயல் மண்ணைக் கொண்டுவந்து குழாயில் போட்டு, ஐயோ சார் எங்க மண்ணுல உப்பு என்று சொன்னதைக் கேட்டபோது, இந்தக் கை கட்டின பெட்டி என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தடவை பெட்டியில் மல்லாட்டை இரண்டு வகையாக வைத்தோம். அச்சடித்த சீட்டில் நிலக்கடலை என்று போட்டிருக்கும், நமக்கு மல்லாட்டைதான். ஒன்று உணவுப் பாடத்துக்கு, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் கடலை மிட்டாய் செய்து பார்க்கவும், அது வெறும் பருப்பு. இன்னொன்று விதைக்க, அது பூஞ்சாண மருந்து கலந்து ரத்தச் சிவப்பாகச் சாயம் ஏற்றினது, யாரும் தெரியாமல்கூட வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சாயம்.

மார்கழிக் கடைசியில் காலம் கெட்டு மழை பெய்ததே, அப்போது ஸ்டோர் ரூம் ஓட்டில் ஒழுகி, கடைசியாகக் கட்டவேண்டிய ஒரு பெட்டிக்கான விதைக் கவர் இரண்டும் நனைந்துவிட்டது, மொத்தம் ஒரு கிலோ. நனைந்த விதையை எழுதிவைத்துவிட்டு கடலூருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அங்கே குழி வெட்டிப் புதைப்பார்கள், அதுதான் சட்டம். எனக்கு மனசு வரவில்லை. கொழுத்த கொழுத்த பருப்பு, ஒன்றுகூடச் சொத்தை இல்லை, அதைக் கொண்டுபோய் மண்ணில் மூடுவதா என்று ஒயர் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஐந்து தடவை அலசினேன். முதல் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி போனது, ஐந்தாவது தெளிந்துவிட்டது. மருந்து போனால் போகட்டும், காயவைத்துக் கொடுத்தால் முளைக்கத்தானே போகிறது என்று நினைத்தேன். பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், மருந்து பருப்புக்குள்ளேயே இறங்கியிருக்கும், கழுவினால் சாயம்தான் போகும் என்று. கேட்டேன், கையெழுத்தும் போட்டேன், மண்டையில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். உன் வயசுக்கு முன்னாலேயே நான் விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை விதைக்கப் போனவள். விதைக்கிறவள் வாயில் நாலு போட்டுக்கொள்ளாமல் விதைக்கமாட்டாள், அது தெரிந்து நிலத்துக்காரர் வீட்டம்மாள் விதையில் மண்ணெண்ணெய் தெளித்துக் கொண்டுவந்து வைப்பாள். நாங்கள் பாவாடையில் துடைத்துவிட்டுத் தின்போம். இந்தச் சிவப்பைப் பார்த்தாலே எனக்கு அந்த மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வரும், கூலிக்காரி வாயைக் கட்டுகிற வேலை என்றுதான் உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்திருக்கிறது. அது வேறு, இது வேறு என்று என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த விதை காய்ந்த அதே இரண்டு நாள் நம் மொட்டை மாடியில், உனக்கு உருண்டை பிடிக்கவென்று பண்ருட்டி அத்தை கொடுத்தனுப்பின மல்லாட்டையும் காய்ந்தது. பழைய வேட்டியில் ஒன்று, சாக்கில் ஒன்று. நான் வேலைக்குப் போயிருந்தபோது மத்தியானம் திடீரென்று தூறல் போட்டது. அப்பா ஓடிப்போய் இரண்டையும் அள்ளி இரண்டு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்திருக்கிறார், அக்கறையாகத்தான் செய்தார். நான் சாயந்திரம் வந்து எது எது என்று கேட்டதற்கு, பெரிய மூடி போட்டது பண்ருட்டிது என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே. நானும் சரி என்று பெரிய மூடித் தூக்கில் இருந்ததை வறுத்து, தோல் நீக்கி, பாகு காய்ச்சி உனக்கு உருண்டை பிடித்தேன். மற்றதை இரண்டு வெள்ளைக் கவரில் போட்டு விதை என்று பேனாவால் எழுதி, குமராட்சிக்கு அந்தப் பக்கம் கொள்ளிடக் கரையோரம் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை உன் பார்சல் போனது, செவ்வாய்க்கிழமை பெட்டி வேனில் போனது. இரண்டையும் அனுப்பிவிட்டு அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து போன புதன்கிழமை நாலு மணிக்கு அந்தப் பள்ளி விவசாய ஆசிரியர் தமிழ்மணி சார் எங்கள் வாட்ஸாப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் மணல் தரையில் பாத்தி கட்டி பிள்ளைகள் வரிசையாக நின்று விதைக்கிறார்கள், கீழே பல்கலைக்கழகத்துக்கு நன்றி என்று எழுதி கைகூப்பின படம். நானும் கட்டைவிரல் போடப் போனேன். அப்போதுதான் முன்னால் நிற்கிற பெண்ணின் உள்ளங்கையைப் பார்த்தேன். கையில் இருக்கிற விதை சிவப்பாக இல்லை, நம் வீட்டு மல்லாட்டை மாதிரி இருக்கிறது. அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், பக்கத்துப் பிள்ளைக்கும் உப்பியிருந்தது. விதைக்கிறவள் வாயில் போட்டுக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாததா, அதைத் தடுக்கிற சிவப்பை இந்தக் கையால்தானே அலசி ஊற்றினேன். உடனே தமிழ்மணி சாருக்குப் போன் போட்டேன். பிள்ளைங்க யாரும் அதைத் தின்ன வேணாம் சார், பழைய விதை, வயித்துக்கு ஒத்துக்காது என்றேன். அவர் சிரித்து, பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு கை தின்னாச்சு மேடம், மல்லாட்டையைக் கையில குடுத்துட்டுத் தின்னாதேன்னா கேப்பாங்களா என்றார். மருந்து என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை வினோ. வேலை போய்விடும், ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிறது, பேப்பரில் வரும், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தது. பழைய விதை என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு சாயந்திரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. ஏ லோகு, பெரிய மூடின்னு நான் சும்மா ஒரு குத்துமதிப்பாதான் சொன்னேன், எது வேட்டில கெடந்தது எது சாக்குல கெடந்ததுன்னே நான் பாக்கல, மழ வந்துடுச்சேன்னு அள்ளுனேன் என்றார். அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். நீ உருண்ட புடிச்சப்ப ரெண்டு எடுத்துத் தின்னேன், அன்னிக்குதான் எனக்கு வாந்தி வந்துச்சு என்றார். பஸ் ஸ்டாண்டு வடையால் என்று அன்றைக்கு நான்தான் அவரைத் திட்டித் தீர்த்தேன். அப்படியானால் சாயம் போன விதையை வறுத்து வெல்லப்பாகு ஊற்றி உனக்கு அனுப்பியிருக்கிறேன். அத்தை கொடுத்த நல்ல மல்லாட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டு வண்டு என்று சொன்னேன். அப்போதாவது உண்மையைச் சொல்லி டாக்டரிடம் போ என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோயேன் என்று மொட்டையாகச் சொன்னேன், இங்க அதுக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்மா, நீ டிவி ஜாஸ்தி பாக்காத என்று நீ வைத்துவிட்டாய்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குமராட்சி மினி பஸ் ஏறினேன். பஸ் கிளம்பினதிலிருந்து தில்லைக் காளியை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. தாயே, அந்த விதை பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கட்டும், என் பொண்ணு வயிற்றுக்குப் போயிருக்கக் கூடாது, அப்படி இருந்தால் உனக்கு மாவிளக்கு போடுகிறேன். இப்படித்தான் வேண்டினேன், வாய்க்குள் சொல்லி, தாலியைத் தொட்டு வேண்டினேன். அந்தப் பக்கம் பதினோரு பிள்ளைகள், முந்தின நாள்தான் போட்டோவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் தெரிந்தேதான் வேண்டினேன். நீ தூரத்தில் இருக்கிறாய், அங்கே உனக்கு முடியாமல் போனால் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை, இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெற்றவள் இருக்கிறாள் என்று எனக்கு நானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியதும் தமிழ்மணி சார் எதிரே வந்தார். போட்டோவில் முன்னால் நின்ற பெண் சிந்துஜாவாம், பதினொன்றாவது படிக்கிறாள், முந்தின ராத்திரியிலிருந்து வாந்தி, காலையில் கண் செருகிவிட்டது என்று சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இன்னும் மூன்று பேருக்குத் தலைவலியும் வயிற்று வலியும் என்றார். நின்ற இடத்திலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எங்கள் பேராசிரியர் ஞானாம்பாள் மேடத்துக்கும் அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். மேடம் திட்டவில்லை. எந்த மருந்து, எத்தனை பேர், மீதி விதை எங்க என்று மூன்று கேள்வி கேட்டார்கள், ஆஸ்பத்திரி டாக்டர் நம்பரை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார்கள். மற்றப் பத்துப் பிள்ளைகளையும் சார் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினார். நான் சிந்துஜா இருக்கிற வார்டுக்குப் போனேன். அவள் அம்மா செல்லாயி, என்னைவிடப் பத்து வயசு சின்னவள் இருப்பாள், நடவுக்குப் போகிறவள், காலில் சேறு காயாமல் கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். என்ன தின்றாள் என்று டாக்டர் காலையிலிருந்து கேட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லையாம். முந்தின நாள் நாலு மணிக்கே நான் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவளிடம் நான்தான் அந்த விதையைக் கழுவி அனுப்பினவள் என்று சொன்னேன். எம்பொண்ணு என்னா எலியா, மருந்து வெச்சுக் குடுக்க என்று கத்தினாள், வார்டே திரும்பிப் பார்த்தது. அப்புறம் சத்தம் அடங்கி என் பக்கத்தில் வந்து, அந்தக் கையாலதான் நேத்து ராத்திரி சின்னவளுக்கு சோறு ஊட்டுனா, அவளுக்கும் எதனா ஆவுமா என்று கேட்டாள். அந்தக் கேள்வி இப்போதும் என் காதிலேயே நிற்கிறது. டாக்டரிடம் கேட்டு வந்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லும்வரை அவள் உட்காரவே இல்லை.

மேடம் அன்றைக்கே கடலூரிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் மீதி இருந்த விதையையும், நம் வீட்டு டப்பாவில் அப்பா தின்னாமல் விட்டுவைத்த மூன்று உருண்டையையும் தனித்தனியாகக் கவரில் போட்டு, பெயர் எழுதி, சோதனைச்சாலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது, நனைஞ்ச விதை எப்படியும் முளைச்சிருக்காது லோகநாயகிம்மா, எதுக்குங்க அதைக் காப்பாத்துனீங்க என்று மட்டும் கேட்டார்கள். உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா என்றும் கேட்டார்கள், சொல்லிட்டேன் மேடம் என்று அவர்களிடமும் ஒரு பொய். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நாலு நாளும் நான் காலையில் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விடுவேன், செல்லாயி என்னோடு பேசமாட்டாள், கஞ்சியை மட்டும் வாங்கிக்கொள்வாள், மூன்றாம் நாள் நீ சாப்ட்டியாக்கா என்றாள். நான் அங்கே சிந்துஜா முகத்தைப் பார்ப்பேன், வராந்தாவுக்கு வந்து உனக்குப் போன் போடுவேன், திரும்பப் போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பெண் ஒரு தடவை கண் விழித்து, மேடம் நான் நாலு கை தின்னேன், அவங்கல்லாம் ஒரு கைதான், பெட்டியில வர்ற புக்கை இனிமே நிறுத்திடுவாங்களா என்று கேட்டது. பெட்டி கட்டுகிறவள் நான்தான் என்று அதுக்குத் தெரியும், கோபம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. போர்வையைச் சரிசெய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேடம் கூப்பிட்டார்கள். உருண்டையில மருந்து இல்லம்மா, பள்ளிக்கூடத்து விதையிலதான் இருக்கு என்றார்கள். அப்பா சொன்ன பெரிய மூடி சரியாகத்தான் இருந்திருக்கிறது, வாந்தி வடையால்தான். அதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, அம்மா தாயே காப்பாத்திட்ட என்று சொல்லி அழுதேன், சிரிப்பும் வந்தது. திரும்பிப் பார்த்தால் வார்டு வாசலில் செல்லாயி நிற்கிறாள். என்னாக்கா, என் பொண்ணுக்கு எதனா நல்ல சேதியா என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு மத்தியானமே சிந்துஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வாஸ்தவம், இன்னும் பதினைந்து நாள் கழித்து ஈரலுக்குச் சோதனை பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். மற்ற மூன்று பேரும் தெளிந்துவிட்டார்கள். அந்தப் பதினைந்து நாள் எப்படிப் போகப்போகிறது என்று தெரியவில்லை, அவள் சோறு சாப்பிட்டாளா என்று தமிழ்மணி சாருக்குத் தினமும் போன் போடுகிறேன், அவருக்கும் உன்னைப் போலவே அலுத்துவிட்டது.

வேலை விஷயம், விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன், அந்தச் சாயந்திரத்தையும் எழுதினேன். விசாரணை முடியும்வரை ஸ்டோர் சாவி என்னிடம் கிடையாது. பதினெட்டுப் பெட்டியையும் திரும்ப வாங்கிவிடலாம், இந்த வம்பே வேண்டாம் என்று மேலே சிலர் சொல்கிறார்களாம். மேடம்தான் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் நிற்கிறார்கள். நான் அப்படி நிக்கணும்னா நீங்க எங்கூட ஒவ்வொரு ஸ்கூலுக்கும் வந்து, அந்தச் சிவப்பு எதுக்குன்னு நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லணும், நான் சொன்னா பாடம் மாதிரி இருக்கும், நீங்க சொன்னா கேப்பாங்க என்றார்கள். திங்கட்கிழமை காட்டுமன்னார்கோயிலில் தொடங்குகிறோம். இத்தனை பிள்ளைகள் முன்னால் நின்று நான் கழுவினேன் என்று சொல்வது லேசில்லை, ஆனாலும் போவேன். வேலை இருந்தாலும் போனாலும் அதைச் செய்துவிட வேண்டும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இது எதுவும் இல்லை. நான் வேண்டினது அப்படியே பலித்துவிட்டது வினோ. பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றேன், போயிருந்தது. நான் பஸ்ஸில் வேண்டுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவள் தின்றுவிட்டாள், உன் வேண்டுதலால் எதுவும் மாறவில்லை என்று நீ சொல்வாய், எனக்கும் அது தெரிகிறது. ஆனாலும் நேர்ந்துகொண்டது நான். மாவிளக்கு போட்டால் அந்தப் பிள்ளை விழுந்ததற்கு நன்றி சொன்ன மாதிரி ஆகிறது. போடாமல் விட்டால் சாமி உன் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம். மாவிளக்கு நேர்ந்துகொண்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னதற்கு, நேந்தது நேந்ததுதான், சாமி கடனை வெச்சிக்கக் கூடாது, நாளைக்கு வினோவுக்கு ஒன்னுன்னா என்னா பண்ணுவ என்று சொல்லி இன்னும் பயத்தைக் கிளப்பிவிட்டார்.

இப்படித் தவித்துக்கொண்டிருக்கும்போது நேற்று செல்லாயி போன் செய்தாள். சிந்துஜா இரண்டு இட்லி சாப்பிட்டாளாம். நாளைக்கழிச்சு தை வெள்ளிக்கா, பொண்ணு பொழச்சு வூட்டுக்கு வந்தா தில்லைக் காளிக்கு மாவிளக்கு போடறேன்னு நேந்துகிட்டேன், கோவம் போயிடுச்சுன்னு சொல்லல, ஆனா நாலு நாளு எங்கூடவே கெடந்தீங்க, நீங்களும் வேண்டிகிட்டு இருப்பீங்க இல்ல என்றாள். ஆமாம் என்றேன். மாவிளக்கா என்றாள். ஆமாம் என்றேன். அப்ப ரெண்டு பேரும் ஒன்னாவே போட்டுடலாம், மாவு நானே இடிச்சு எடுத்தாறேன், நீங்க நெய்யும் திரியும் கொண்டாங்க போதும் என்றாள். அப்புறம், என்னான்னு வேண்டிகிட்டீங்கக்கா என்று கேட்டாள். புள்ளைக்கு ஒன்னும் ஆவக்கூடாதுன்னு என்றேன். எந்தப் பிள்ளைக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே, நல்லா இருங்கக்கா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாளைக்குக் காலையில் ஏழு மணிக்குக் கீழ வீதி முனையில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். திரி வாங்கி வைத்திருக்கிறேன். விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், பஸ்ஸில் நான் நிஜமாக வேண்டினது என்ன என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். சொன்னால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம், என் முகத்தில் மாவை வீசலாம், எதுவும் அவள் இஷ்டம். போன தடவை ஒரு சாயந்திரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவள் பிள்ளை ஒரு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தாள், அதனால் இந்தத் தடவை காலையிலேயே சொல்லிவிடுவேன் என்று உன்னிடம் எழுதிவைக்கிறேன், எழுதினால் பின்வாங்க முடியாது அல்லவா.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும். இன்னொருத்தி பிள்ளையைத் தள்ளிவிட்டு வந்ததாக இல்லாமல், உன் பங்குக்கு உனக்கென்று வந்த நன்மையாக அது இருக்க வேண்டும், இனிமேல் அப்படித்தான் வேண்டுவேன். உன் ரூமில் அந்த இரண்டு பெண்களுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சொல், அவர்களுக்கும் அம்மா இருப்பார்கள், இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூட அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ரத்தப் பரிசோதனைக்கு அந்த அப்பாயின்ட்மென்டை வாங்கி, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா
க. லோகநாயகி